ஆறாவது இதழ்

அக்கா வீட்டு வாசலில் ஒரு கல் தாமரை இருக்கிறது. குருவி குடிக்கத் தண்ணீர் வைக்கிற தொட்டி. எட்டு இதழ்கள். ஏழு இதழ்களின் விளிம்பு அச்சிலிருந்து வந்தபடியே கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். ஒன்று மட்டும் மழமழவென்று, விரல் வைத்தால் வழுக்கும். போன வருஷம் வரைக்கும் அந்த இதழ் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. இப்போது தெருவைப் பார்த்து இருக்கிறது. சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் பாலகாட் லைனில் சைக்கிளை நிறுத்திவிட்டு அக்கா வீட்டுப் படலைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். திருப்பி வைத்தது அக்கா. ஏன் என்று நான் கேட்கவில்லை.

பார்க்கிறவர்கள் அதைச் செதுக்கிய கல் என்றுதான் நினைப்பார்கள். செதுக்கியது இல்லை. கல்லைத் தூளாக்கி, வெள்ளை சிமெண்டு கலந்து, அச்சில் இடித்து நிரப்பி மறுபடியும் கல்லாக்கியது. தோட்டம் வைத்திருக்கும் பெங்களூர்க்காரர்கள் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொல்வார்கள். நாங்கள் அச்சுக்கல் என்போம். இதைச் செய்தவர் என் அக்கா வீட்டுக்காரர், எனக்கு மாமா. அச்சு செய்தவன் நான். இந்த இரண்டாவது வாக்கியத்தை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

மாமா தங்கச் சுரங்கத்தில் டிரில்லர். பூமிக்குக் கீழே பாறையில் துளை போடுகிற வேலை. இருபத்திரண்டு வருஷம் கேஜில், ஆட்களை இறக்கும் அந்த இரும்புக் கூண்டில், இறங்கி ஏறினார். நானும் அதே லைனில் பிறந்தவன்தான், ஆனால் ஐடிஐ படித்து மண் வாரும் வண்டி செய்கிற தொழிற்சாலையில் பேட்டர்ன் ஷாப்பில் சேர்ந்துவிட்டேன். இரும்பு வார்க்க மரத்தில் மாதிரி செய்வது என் வேலை. எனக்கு மண்டைக்கனம் உண்டு. லைனில் பாதிப் பேர் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தபோது நான் வெள்ளைச் சட்டையோடு கம்பெனி பஸ் ஏறினவன். மாமா அதையெல்லாம் கண்டுகொள்ளவே மாட்டார். அவருக்கு என் கையின் மேல் பெரிய மரியாதை. "எங்க மச்சான் மரத்துல நூல் புடிச்சா ரயில் தண்டவாளம் கணக்கா இருக்கும்" என்று ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் காய் வாங்குகிற இடத்தில்கூடச் சொல்வார். எனக்கு உள்ளே குளிர்ந்துபோகும்.

சுரங்கத்தைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் இரண்டு விதிகளைச் சொல்வார். ஒன்று தண்ணீர். வெடி வைத்த இடத்துக்குப் போனதும் முதல் வேலை தூசி பறக்காமல் ஹோஸ் பிடித்துப் பாறையை நனைப்பது, அதன் பிறகுதான் மற்றது. தண்ணீர் இல்லாமல் டிரில்லைத் தொட்ட ஒருவனை இவர் கன்னத்தில் அறைந்திருக்கிறார் என்று அவருடைய கூட்டாளிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இரண்டாவது விதி துளை. சில துளைகளில் வெடிமருந்து வெடிக்காமல் தங்கிவிடும். அதைக் கண்டவன் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்துவிட்டு விலகவேண்டும். "ஒருத்தன் போட்ட துளையில இன்னொருத்தன் டிரில் வைக்கக் கூடாது மச்சான். உள்ள மருந்து கீதா இல்லியான்னு போட்டவனுக்குத்தான் தெரியும். அவன் வந்துதான் எடுக்கணும்." இதைச் சொல்லும்போது ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு வட்டம் போடுவார்.

சுரங்கம் மூடியபோது எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். கூட இறங்கினவர்களில் பலருக்கு நெஞ்சில் தூசி இருந்தது. மாமாவுக்கு ஒன்றுமில்லை. அந்தக் காகிதத்தை சர்வீஸ் சர்டிபிகேட்டோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். அக்கா அன்றைக்குப் பாயசம் வைத்தாள். வேலை போன வீட்டில் பாயசம் வைத்தவள் எங்கள் லைனில் அவள் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எல்லோரையும் போல விடியற்கால ரயில் பிடித்து பெங்களூரில் ஒரு பங்களாவுக்கு வாட்ச்மேனாகப் போனார். ஒருநாள் அங்கே தோட்டத்தில் இருந்த கல்தொட்டி ஒன்று உடைந்தது. தூக்கிப் போடச் சொன்னார்கள். இவர் ஒரு சில்லைச் சாப்பாட்டுத் துண்டில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பாறையின் உள்ளே என்ன இருக்கும் என்று இருபத்திரண்டு வருஷம் பார்த்த கண். என் முன்னால் வைத்து, "கல்லுன்னு நெனச்சேன் மச்சான். உள்ள பாரு, ரேகையே இல்ல. தூளைப் புடிச்சி வெச்சிருக்கானுங்க. இத நாம செய்ய முடியாதா?" என்றார். வேலை போனதிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. அக்காவும் சமையல் அறை வாசலில் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊரில் மண்ணுக்குப் பஞ்சமில்லை. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சயனைடு மேடு மலைமலையாக நிற்கிறது. மாவு போல மண். வீடு கட்ட அதை அள்ளுகிறவர்கள் உண்டு. நான்கூட அதையே சலித்துப் போடலாம் என்று சொன்னேன். மாமா கேட்கவே இல்லை. "அதுல ஒரு புல்லு மொளைக்குதா பாத்தியா? பூ வைக்கற தொட்டியில விஷத்தப் போட்டுக் குடுக்கறதா?" என்று கேட்டார். பக்கத்துக் கிராமத்தில் ஜல்லி உடைக்கிற கிரஷரிலிருந்து கல்தூள் வரவழைத்தார். சுத்தமான தூள் என்று கையில் அள்ளிக் காட்டுவார். மேட்டு மண்ணுக்கு அவர் பயந்தார், தூசிக்குப் பயப்படவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சயனைடு என்றால் நடுக்கம், தூசி என்றால் பழக்கம்.

தாமரைத் தொட்டிக்கு நான் தேக்குக் கழிவில் அச்சு செய்தேன். எண் போட்ட எட்டு மரத்துண்டுகள், ஒவ்வொன்றின் உள்பக்கமும் ஓர் இதழின் குழி. எட்டையும் வட்டமாக நிறுத்தி வெளியே ஓர் இரும்பு வளையம் மாட்டி, நடுவில் கலவையை இடித்து நிரப்பவேண்டும். வளையத்தைக் கழற்றி ஒவ்வொரு துண்டாக வெளியே இழுத்தால் தாமரை நிற்கும். இதில் சூட்சுமம் ஒன்றுதான். குழியின் சுவர் வெளிவாய்ப் பக்கம் நூலளவு சரிந்திருக்கவேண்டும். அதை டேப்பர் என்போம். சரிவு சரியாக இருந்தால் இதழ் அச்சைவிட்டு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மாறிப்போனால் நுனியைக் கவ்வி உடைக்கும். பேட்டர்ன் ஷாப்பில் முதல் வாரமே சொல்லித் தருகிற பாடம் இது.

முதல் தாமரையை எடுத்தபோது நான், அக்கா, மாமா மூவரும் இருந்தோம். ஐந்து துண்டுகள் வெண்ணெய் போல வந்தன. ஆறாவதை இழுத்தபோது நுனி பிய்ந்து அச்சோடு போய்விட்டது. மாமா சிரித்துக்கொண்டே கலவையைக் குழைத்து நுனியை ஒட்டவைத்தார். இரண்டாவதிலும் அதே ஆறாவது. மூன்றாவதிலும் அதுவே. நான்காம் நாள் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மச்சான், ஆறாம் நெம்பர் துண்டு எடுக்கறப்ப நுனியப் புடிக்குது. நீ ஒரு தபா பாரேன்."

நான் பார்க்கவில்லை. அந்தத் துண்டைக் கையில்கூட வாங்கவில்லை. "இத்தினி வருசமா இஞ்சின் சாமானுக்கு பேட்டர்ன் போடற கை மாமா இது. நீங்க காயறதுக்கு முந்தி இழுக்கறீங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். அக்கா சிரித்துவிட்டாள். மாமாவும் சிரித்தார். "சரி மச்சான். நான்தான் அவசரப்படறேன் போலகீது" என்று நீட்டிய துண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் அது பொய். நன்றாகச் சாப்பிட்டேன்.

சில மாதம் கழித்து இன்னொரு முறை கேட்டார். அப்போது என் மகன் வந்து நின்றிருந்தான், தொழிற்சாலை நண்பர் ஒருவரும் இருந்தார். அவர்கள் முன்னால் என் வேலையில் குறை சொன்னது பிடிக்கவில்லை. பேச்சை மாற்றினேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை.

அவர் செய்தது இதுதான். ஒவ்வொரு தாமரைக்கும் ஆறாவது இதழின் நுனியைக் கையால் பிடித்துக் கட்டி, காயவிட்டு, சாணைக்கல்லால் தேய்த்து மற்ற இதழ்களோடு சேர்த்துவிடுவார். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் வெள்ளைக் கல்லில் திட்டுத்திட்டாகக் கறை நிற்கிறது என்று உலர்வாகவே தேய்த்தார். முதலில் முற்றத்தில் உட்கார்ந்துதான் செய்தார். பக்கத்து வீட்டில் காயப்போட்ட துணியெல்லாம் வெள்ளையாகிறது என்று முனகினார்கள். மாமா யாரோடும் சண்டை போடாத மனிதர். பின்கட்டில் விறகு வைத்திருந்த சின்ன அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கல்தூள் சலிப்பதும் அங்கேயே. சாயங்காலம் நான் போனால் தலை, புருவம், மீசை எல்லாம் நரைத்துப்போய் ஓர் ஆள் வெளியே வருவார். "வயசாயிப்போச்சி மச்சான்" என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டு குழாயடிக்குப் போவார்.

தண்ணீர் இல்லாமல் டிரில்லைத் தொட்டவனை அறைந்த மனிதர் இவர்தான். ஒருநாள் அக்கா அதைக் கேட்டும்விட்டாள். "கீழ அத்தினி ஜாக்கிரதையா இருந்தீங்களே, வாயில ஒரு துணியாவது கட்டிக்கினா இன்னா?" என்றாள். மாமா அவளைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "கீழ தூசி போறதுக்கு வழி இல்ல, அதான் நெஞ்சுல போய் உக்காருது. மேல வானம் தெறந்து கீதே. இது இன்னா பண்ணப்போவுது" என்றார். அந்த அறைக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. மூன்று பேருமே அதை நினைக்கவில்லை. எங்களுக்குச் சாவு என்றால் அது பூமிக்கு அடியில்தான் இருக்கும். கேஜைவிட்டு வெளியே வந்தவன் பிழைத்தவன்.

தாமரைத் தொட்டிகளுக்குப் பெங்களூரில் கிராக்கி வந்தது. நர்சரி வைத்திருந்த ஓர் அம்மா வேன் எடுத்துக்கொண்டு வந்து, "தும்பா சென்னாகிதே" என்று கன்னடத்தில் மெச்சி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து ஏற்றிக்கொண்டு போவார். பூந்தொட்டி, கல் பெஞ்சு, நடைபாதைக்கு வட்டக் கல் என்று வேறு சாமானும் செய்தார். இருந்தாலும் தாமரைதான் அதிகம் போனது. கையால் தேய்த்து மாளவில்லை. மணிக்கட்டு வீங்கியிருந்ததை ஒருநாள் பார்த்தேன். எனக்கு அவர் மேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பொங்கலுக்கு ராபர்ட்சன்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி, கையில் பிடிக்கிற கிரைண்டர் மிஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நல்ல மிஷின். வேகம் ஜாஸ்தி. அச்சை வாங்கிப் பார்க்க மனம் வராதவனுக்கு மிஷின் வாங்க மனம் வந்தது. மாமா அதற்குக் குங்குமம் வைத்து மாலை போட்டார். அதை ஓட்டும்போது தண்ணீர் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று எச்சரித்தவனும் நானே. அன்றிலிருந்து கதவு இடுக்கு வழியாக வெள்ளைப் புகை வருவதைத் தெருவிலிருந்தே பார்க்கலாம்.

ஆறேழு வருஷம் அப்படிப் போனது. முதலில் இருமல். பிறகு தண்ணீர்க் குடத்தை நடுவழியில் இறக்கி வைத்தார். பிறகு படி ஏறும்போது நின்று நின்று, யாரிடமோ பேசுகிற மாதிரி நடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள். அது கேட்கவில்லை. பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் அழைத்துப் போனேன். தமிழ் தெரிந்த டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிவிட்டு, "மைன்ஸ்ல இருந்தீங்களா?" என்று கேட்டார்.

"இருந்தேன் சார். ஆனா வெளிய வர்றப்ப கிளீன்" என்று மாமா பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்தப் பழைய காகிதத்தை எடுத்து நீட்டினார். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அதைக் கொண்டுவந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். "இப்ப என்ன வேலை?"

"தோட்டத்துக்குக் கல்சாமான் செய்யறேன் சார். மேலதான். வூட்லதான்."

எங்கே உட்கார்ந்து, எதனால் தேய்க்கிறீர்கள் என்றெல்லாம் டாக்டர் கேட்டார். மாமா ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடத்தில் பதில் சொல்வதுபோலச் சொன்னார். ஏன் தேய்க்கவேண்டியிருக்கிறது என்று டாக்டர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவர் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். கல்தூசிக்கு மேல், கீழ் என்று கிடையாது, போன நுரையீரல் இனி திரும்பாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

திரும்பும் ரயிலில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பங்காரப்பேட்டை தாண்டியது. அப்புறம், "உங்கக்காகிட்ட மைன்ஸ் தூசின்னு சொல்லிடு மச்சான். வூட்டுல வந்ததுன்னு தெரிஞ்சா அந்த ரூமையே பாத்துக்கினு அழுவா" என்றார். நான் சரி என்றேன். எனக்கும் அது வசதியாக இருந்தது.

அதன் பிறகு அவர் படுத்துத் தூங்கவில்லை. படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று தலையணைகளை அடுக்கி அதன் மேல் கவிழ்ந்து உட்கார்ந்தபடியே ஒரு வருஷத்துக்கு மேல் கழித்தார். பாறையில் துளை போட்ட கைகள் வேட்டி முடிச்சைக் கட்டுவதற்குள் இரண்டு தடவை ஓய்வெடுத்தன. சோறு உண்பதா மூச்சு விடுவதா என்று ஒவ்வொரு கவளத்துக்கும் போராட்டம். ஒருநாள் பகலில், வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தபோது, என்னைக் கிட்டே வரச் சொன்னார். "கேஜ் வேகமா எறங்கறப்ப காது அடைக்கும் பாரு, அந்த மாதிரி கீது மச்சான்" என்றார். வெளியே வந்த பிறகும் அவர் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறார். மறுநாள் பதினொரு மணிக்குப் போனார். வாய் திறந்தபடியே இருந்தது. அக்கா துணியால் கட்டி மூடினாள்.

சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் சுரங்கம்தான் கொன்றது என்றார்கள். பழைய யூனியன்காரர் ஒருவர் சுரங்கம் மூடினாலும் மனிதர்களை விடவில்லை என்று கண்ணீரோடு பேசினார். லைனே தலையாட்டியது. நானும் ஆட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரு சாவு வீட்டில் மறைக்கலாம், யாரும் இலையைக் கிளறிப் பார்ப்பதில்லை.

போன வருஷம் நான் ரிட்டையர் ஆனேன். அக்கா அந்தப் பின்கட்டு அறையை இடித்துக் குளியலறை கட்டப்போவதாகச் சொல்லி, "உன் அச்சு சாமான், மிஷினு எல்லாம் அங்கியே கெடக்குது. எடுத்துக்கினு போடா" என்றாள். எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தேன். ஒரு காலையில் வேலை இல்லாத கை சும்மா இருக்காமல் அச்சுத் துண்டுகளைச் சுரண்ட ஆரம்பித்தது. கல் ஒட்டாமல் இருக்க மாமா தடவிய விளக்கெண்ணெய், சிமெண்டோடு சேர்ந்து ஓடாக இறுகியிருந்தது. ஆறாவது துண்டின் ஓடு பெயர்ந்தபோது உள்ளே, குழியின் இடது சுவரில், பென்சிலால் போட்ட ஒரு வட்டம் இருந்தது.

தச்சன் போடும் அடையாளம் இல்லை அது. நான் போட்டதும் இல்லை. மூலைமட்டத்தை எடுத்து அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். சுவர் வெளியே சரியவேண்டிய இடத்தில் அரை நூல் உள்ளே சரிந்திருந்தது. சரியாக வட்டத்துக்குள்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. முதல் வாரமே கண்டுபிடித்திருக்கிறார். அவரிடம் உளி இருந்தது, அரம் இருந்தது, என்னைவிட நிதானமான கை இருந்தது. தானே செதுக்கிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் ஒருத்தன் போட்ட துளையில் இன்னொருத்தன் டிரில் வைக்கக் கூடாது. போட்டவன் வந்துதான் எடுக்கணும். வட்டம் போட்டு வைத்துவிட்டு, போட்டவனை இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். அவன் வரவில்லை. அவன் மிஷின் வாங்கிக் கொடுத்தான்.

உளியை எடுத்துச் செதுக்கினேன். ஒரே ஒரு சுருள் விழுந்தது, நகம் வெட்டிப் போட்ட அளவு. மறுபடி மட்டம் வைத்தேன். சரியாக இருந்தது. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அந்த டீயைக் குடிக்காமல் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் தாமரைத் தொட்டியில் பாசி தேய்த்துக்கொண்டிருந்தாள். மழமழப்பான இதழை மட்டும் துணியால் தனியாகத் துடைத்தாள். நான் நிற்பதைப் பார்த்து, "மத்ததெல்லாம் உன் அச்சுடா. இந்த ஒண்ணுதான் அவரு கை. அதனாலதான் இத விக்காம எடுத்து வெச்சிக்கினேன்" என்றாள். "அச்சு கோணல்கா" என்றேன். "நான்தான். அவரு ரெண்டு வாட்டி சொன்னாரு. நான் பாக்கல. அதனாலதான் தேய்ச்சாரு." மைன்ஸ் தூசி இல்லை, டாக்டர் சொன்னது இதைத்தான் என்பதையும் சொல்லிவிட்டேன்.

அக்கா துணியைப் பிழிந்தாள். மறுபடி நனைத்தாள், மறுபடி பிழிந்தாள். "அன்னிக்கி நீ கூடம் கோணல்னு சொன்னப்ப நானும் சிரிச்சேன்டா" என்றாள். துணியைத் தொட்டி விளிம்பில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அழுகிற சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் போனபோது தொட்டி திரும்பி, அந்த இதழ் தெருவைப் பார்த்து இருந்தது. அறுபத்தெட்டு வயசு உடம்பு, தனியாக அந்தக் கனத்தை எப்படித்தான் நகர்த்தினாளோ, தரையில் அரைவட்டமாகக் கீறல் கிடந்தது. எனக்கு எப்போதும் போடுகிற நாற்காலியை அதற்கு நேர் எதிரே போட்டிருந்தாள். டீ வந்தது. சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. வாரா வாரம் போகிறேன், அதே நாற்காலியில் உட்காருகிறேன். எதிரே குருவி வந்து வழுக்கும் அந்த ஓர் இதழில் கால் நிற்காமல் பக்கத்து இதழுக்குத் தாவி உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறது. டம்ளர் காலியாகும்வரை அக்கா வாசற்படியில் நின்று என்னைப் பார்க்கிறாள்.